கிளி போட்ட யுகுலேலே

அவர் ஆட்டோ பிடிப்பதை ஒரு தடவை பார்த்தால் போதும், ஆள் புரிந்துவிடும். முதல் ஆட்டோக்காரர் மீட்டர் போட மாட்டேன் என்பார். அவரை அனுப்பிவிடுவார். அது எல்லோரும் செய்வதுதான். அடுத்து வருபவர், தில்லியின் சரித்திரத்தில் அபூர்வமாக, மீட்டர் போடுகிறேன் என்பார். அவரையும் அனுப்பிவிடுவார்.

"ஏன் மேடம்? அவன்தான் ஒத்துக்கிட்டானே?"

"ஒத்துக்கிட்டாம்லா சார்? அப்ப இன்னொருத்தனும் ஒத்துக்கிடுவான். இன்னொண்ணு பாத்துருவோம்."

அந்த இன்னொன்று வரும்வரை மே மாத வெயிலில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பார். என்னிடம் துப்பட்டா கிடையாது. தலையில் முடியும் கிடையாது. இருந்தாலும் நிற்பேன்.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினாலும் அவர் படிக்கப்போவதில்லை என்பது வேறு விஷயம். கரோல் பாகிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பா அம்மாவிடமிருந்து திருநெல்வேலிப் பேச்சு அப்படியே வந்திருந்தது, எழுத்துதான் வரவில்லை. தமிழில் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டி மாப்பிள்ளை பெயருக்கு வருவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும். நான் பத்திரிகைகளில் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவன் என்று தெரிந்தபோது, "அப்படியா சார்? ஒருநாள் வாசிச்சுக் காட்டுங்க, சிரிக்கேன்" என்றார். வாசித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அவருடைய "நல்லாத்தான் இருக்கு" பிரசித்தம். அதற்குப் பின்னால் ஓர் "ஆனா" வந்துகொண்டிருக்கும். சில நாள் அது வாய்வரை வராது. வராவிட்டாலும் எதிரில் இருப்பவருக்குக் கேட்டுவிடும்.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கொள்முதல் பிரிவு அவருடையது. நாற்காலி, மின்விசிறி, ஃபினைல், தண்ணீர்க் கூலர் என்று எது வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும் என்பது அங்கே வேதவாக்கு. மற்றவர்கள் அதை அலுவலகத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் கூடவே எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். தர்பூசணியை மூன்று வண்டியில் தட்டிப் பார்ப்பார். ஓட்டலில் மெனு அட்டையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்து, பக்கத்து மேஜைகளில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்து, பரிமாறுகிறவரை இரண்டு முறை திருப்பி அனுப்பி, கடைசியில் தயிர்சாதம் சொல்லுவார். நானும் வேறொரு அமைச்சகத்தில் கோப்பு நகர்த்துகிறவன்தான். ஆனால் எனக்கு எதையும் ஒரு தரம் பார்த்தால் போதும். என் சட்டைகளைப் பார்த்தவர்கள் இதை நம்புவார்கள்.

நாங்கள் சந்தித்தது முனிர்காவில், யுகுலேலே என்கிற நாலு தந்திக் குட்டி கிடாரைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு வகுப்பில். பக்கத்துக் கட்டடத்துக்காரர் ஜன்னல் வழியாகக் கை நீட்டிச் சர்க்கரை கடன் வாங்கக்கூடிய ஒரு மூன்றாம் மாடி. சொல்லிக்கொடுத்தது பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு மிசோ பெண். மாணவர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள், எங்கள் இருவரைத் தவிர. எனக்கு ரத்த அழுத்தம். ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். யோகாவில் குனிய வேண்டும். யுகுலேலேயில் அந்தத் தொந்தரவு இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே அவமானப்படலாம்.

அவர் ஏன் வந்தார் என்று கேட்டேன்.

"அம்மா போனப்புறம் வீட்டுல சத்தமே இல்ல சார். ஃப்ரிட்ஜ் மட்டும்தான் பேசுது."

அவரிடம் இருந்தது வானநீலத்தில், தந்தி கட்டும் இடத்தில் டால்ஃபின் வைத்த ஒரு பொம்மை யுகுலேலே. அண்ணன் மகள் விளையாடி, சலித்து, விட்டுப்போனது. சுருதி சேர்த்து ஒரு பாட்டைத் தொடங்கினால், முடிப்பதற்குள் முறுக்காணிகள் நழுவி நாலு தந்தியும் நாலு ஊருக்குப் போய்விடும். ஆனாலும் அவர் வாசிக்கும்போது அறையில் பிள்ளைகள் பேச்சை நிறுத்துவார்கள். நான் வாசிக்கும்போதும் நிறுத்துவார்கள், வேறு காரணத்துக்காக.

ஒரு பாட்டு இருந்தது. முதல் இரண்டு வரிகளும் எங்களுக்கு வந்துவிட்டன. மூன்றாவது வரியில் ஈ கார்டு என்று ஒரு சுரக்கூட்டு வரும். அதற்கு மூன்று விரல்களை ஒரே கட்டத்துக்குள் நெருக்கி வைக்க வேண்டும், முனிர்காவில் மூன்று பேர் ஒரே அறையில் தங்குவதைப் போல. டால்ஃபினில் அதற்கு இடமே கிடையாது. "ஆன்ட்டி, உங்கள் கை வளர்ந்துவிட்டது, வாத்தியம் வளரவில்லை. கொஞ்சம் பெரியதாக, நல்லதாக ஒன்று வாங்குங்கள். அப்புறம் மூன்றாவது வரியைப் பார்க்கலாம்" என்றாள் அந்தப் பெண். என்னைப் பார்த்து, "அங்கிள், உங்களுக்கு இதுவே போதும்" என்றாள்.

அப்படித்தான் எங்கள் சனிக்கிழமைகள் ஆரம்பித்தன.

"சார், உங்களுக்கு சனிக்கிழமை ஜோலி இருக்கா? தரியாகஞ்சுல வாத்தியக் கடையெல்லாம் இருக்காம். தனியாப் போனா ஒரே அபிப்ராயம்தான் இருக்கும். ரெண்டு பேரு போனா ரெண்டு அபிப்ராயம்."

மூன்றாவது கொட்டேஷன் யார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஜோலி இல்லை. ஐம்பது தாண்டிய, கல்யாணம் ஆகாத அரசு ஊழியனுக்குச் சனிக்கிழமை என்பது துவைக்கப் போட்ட துணி சுற்றுவதைப் பார்க்கிற நாள்.

கடைகள் பல ஏறி இறங்கினோம். கடைசியில் ஒரு சர்தார்ஜியின் கடையே நிலைத்தது, ஏனென்றால் அவர் ஒருவர்தான் எங்களைத் திரும்ப வரவிட்டார். வெள்ளைத் தாடி, மூக்கின் நுனியில் கண்ணாடி, சுவர் முழுக்க வாத்தியங்கள். சின்னது சோப்ரானோ, நடுவாந்திரம் கான்சர்ட், பெரியது டெனர் என்று எடுத்து எடுத்துக் கொடுப்பார். ஒட்டுப்பலகை சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும். முழு மரம் மணி மாதிரிக் கேட்கும், ஆனால் தில்லியில் மே மாதம் வெடிக்கும், ஆகஸ்டில் உப்பும் என்று எச்சரிப்பார்.

"எங்க ஆபீஸ் அலமாரி மாதிரி" என்று மேடம் என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அவரிடம், "அங்கிள்ஜி, ஏக் ஔர் திகாயியே" என்பார். இன்னொன்று காட்டுங்கள்.

அவர் பார்க்கிற விதம் இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். வாத்தியத்தைக் கையில் வாங்கியதும் முதுகை நகத்தால் தட்டுவார், தர்பூசணி மாதிரியே. பிறகு கழுத்து நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கிபோலக் குறி பார்ப்பார். தந்தி ரொம்ப உயரமாக நிற்கிறதா என்று விரலை வைத்து அழுத்துவார். அப்புறம் நெஞ்சோடு சேர்த்து அணைத்து, கண்ணை மூடி, அந்தப் பாட்டின் இரண்டு வரிகளை வாசிப்பார். கடைக்குள் அந்த இரண்டு வரி நேரத்துக்குத் தெருவின் ஹாரன் சத்தம் எல்லாம் எங்கோ போய்விடும். மூன்றாவது வரி வர வேண்டிய இடத்தில் கண்ணைத் திறப்பார்.

"நல்லாத்தான் இருக்கு."

சர்தார்ஜியும் நானும் "ஆனா"வுக்குக் காத்திருப்போம். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் காத்திருப்பார்.

அந்தச் சுவரில் ஓர் ஆணியில் ஒரு கிளி தொங்கியது. கறுப்பு யுகுலேலே, வயிற்றில் பச்சைக் கிளி வரைந்தது. கிளிக்கு லிப்ஸ்டிக் போட்ட மாதிரி மூக்கு. ஒரு கண் மட்டும் வாங்க வந்தவரைச் சந்தேகமாகப் பார்க்கும். சத்தம், தகர டப்பாவில் கடலையைப் போட்டு உருட்டுவதுபோல. ஒவ்வொரு வாரமும் எல்லாம் பார்த்து முடித்து, எதுவும் வாங்காமல் கிளம்புகிறபோது, அதை எடுத்து ஒரு மீட்டு மீட்டுவார்.

"கிளி சார் சௌக்கியமா? உம்மை எந்த மகராசி வாங்கப்போறாளோ!" என்று சொல்லி அப்படி ஒரு சிரிப்பு சிரிப்பார். என் கட்டுரைகளுக்குக் கிடைக்காத சிரிப்பு. அந்தக் கிளிமேல் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

இதற்குள் எனக்கு என்ன ஆகியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாசகர்கள் எப்படியும் கண்டுபிடித்திருப்பார்கள். நானும் நிறையப் படித்தவன். காதலைப் பற்றி நாலு பாஷையில் படித்திருக்கிறேன். எதிலும் வழுக்கை விழுந்த அண்டர் செக்ரட்டரி ஒருவன் வெள்ளிக்கிழமை ராத்திரி சட்டைக்கு இஸ்திரி போடுகிற கட்டம் வரவில்லை. அந்த நாட்களில் எனக்கு ஒரே ஒரு பிரார்த்தனைதான். நல்ல யுகுலேலே எதுவும் தில்லிக்கு வந்துவிடக் கூடாது. வந்தால் அவர் வாங்கிவிடுவார். வாங்கிவிட்டால் சனிக்கிழமை முடிந்தது. மறுபடியும் துணி சுற்றுவதைப் பார்க்கப் போகவேண்டியதுதான்.

கடை முடிந்ததும் முக்கில் ஒரு வண்டியில் பிரெட் பக்கோடாவும் டீயும். ஒருநாள் பக்கோடாவைப் பிட்டுக்கொண்டே அவர் திடீரென்று சிரித்தார்.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்ல சார். பஜ்ஜி ஞாபகம். எங்க வீட்டுல அந்தக் காலத்துல மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமையாவது பஜ்ஜி சொஜ்ஜி இருக்கும். என்னப் பாக்க வருவாங்கள்ல. ஆர்.கே. புரத்துலேர்ந்து, லோதி காலனிலேர்ந்து, ஊர்லேர்ந்துகூட ரயிலேறி வந்திருக்காங்க. நல்லாச் சாப்பிடுவாங்க. எங்க அம்மாவோட பஜ்ஜி அப்படி. பாடச் சொல்லுவாங்க. பாடுவேன். 'நல்லாத்தான் இருக்கு'ம்பாங்க. வாசல்ல செருப்பு மாட்டும்போது அப்பாகிட்ட சொல்லுவாங்க. 'இன்னும் ஒண்ணு ரெண்டு எடம் பாக்க வேண்டியிருக்கு. பாத்துட்டுச் சொல்லுதோம்.'"

பக்கோடாவைச் சட்னியில் தோய்த்தார்.

"சொல்லவே மாட்டாங்க சார். ஒருத்தரும் வேண்டாம்னு சொன்னதில்ல. இன்னொண்ணு பாக்கப் போனவங்கதான். எல்லாரும் இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்க போல" என்று சொல்லி, கிளியிடம் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார். "சட்னியில இன்னிக்குப் புதினா போதாது, என்ன?"

போதாது என்று தலையாட்டினேன். மெட்ரோவில் திரும்பும்போது அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். ஊர் உலகமே இவரிடம் "இன்னொன்று பார்த்துவிட்டு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. அப்படிச் சொல்லாத முதல் ஆள் நான். இதையே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வசனமும் தயாராகிவிட்டது. கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். பிரமாதமாக இருந்தது. நான் எழுதியதிலேயே சிறந்த வரி அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். எழுதுகிறவனுக்குத் தன் வரி பிடித்துப்போனால் அதன்பிறகு அவனை யாராலும் காப்பாற்ற முடியாது.

நவம்பர். தில்லியின் காற்றை மென்று தின்னலாம் என்கிற வாரம். நாங்கள் இருவரும் முகக்கவசம் போட்டிருந்தோம். சர்தார்ஜி எங்களைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மேடம்ஜி, இன்றைக்குத் தப்பிக்க முடியாது. நீங்கள் கேட்ட மாதிரியே ஒன்று வந்திருக்கிறது. கான்சர்ட் சைஸ், முழு மரம், பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

என் பிரார்த்தனை முடிவுக்கு வந்துவிட்டது என்று தெரிந்தது. மேடம் அதற்குள் கிளியை ஆணியிலிருந்து எடுத்துச் செல்லமாக ஒரு தட்டு தட்டிக்கொண்டிருந்தார். இனிமேல் நேரமில்லை.

"மேடம்" என்றேன். சொன்னேன்.

"என்ன சார்?" என்றார். முகக்கவசத்துக்குள் போட்ட வசனம் அங்கேயே தங்கிவிட்டது. கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு மறுபடி சொல்லவேண்டியதாகிவிட்டது.

"நம்ம கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டேன் மேடம். எனக்கு இன்னொண்ணு பாக்க வேண்டியதில்ல."

அவர் கை தந்திகள்மேல் அப்படியே நின்றது. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அவை என்னைப் பார்க்கவில்லை. கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சர்தார்ஜி பெட்டியோடு வந்து, கல்லாவின்மேல் வைத்து, ஒரு மந்திரவாதியைப்போல மூடியைத் திறந்தார். தேன் நிறத்தில், மரத்தின் ரேகைகள் தெரிய, அது படுத்திருந்தது. எதையும் ஒரு தரம் பார்க்கிற எனக்கே தெரிந்தது, இதுதான் என்று.

"தேக்கியே மேடம்ஜி!" பாருங்கள்.

அவர் திரும்பவில்லை.

"நஹீ அங்கிள்ஜி. யஹீ பேக் கர் தீஜியே." இதையே கட்டிக்கொடுங்கள்.

"இதையா? தோத்தே வாலா?" கிளி போட்டதையா? சர்தார்ஜி என்னைப் பார்த்தார். விளையாட்டா என்று கேட்கிற பார்வை. நான் பெட்டிக்குள் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஹா(ன்) ஜி. ஜல்தி." ஆமாம், சீக்கிரம்.

நகத்தால் தட்டவில்லை. கழுத்தைப் பார்க்கவில்லை. இரண்டு வரி வாசிக்கவில்லை. இனி வந்து பார்ப்பதற்குக் காரணம் எதுவும் மிஞ்சக் கூடாது என்கிற அவசரம் மட்டும் இருந்தது. அவர் எதையும் பார்க்காமல் வாங்கி நான் கண்டது அது ஒன்றுதான். அரசாங்கக் காரியத்தில் ஒரே ஒரு டெண்டர் வந்தால் அதை ஏற்க மாட்டார்கள், மறுபடி அழைப்பார்கள். என் விஷயத்தில் மறுபடி அழைப்பதற்கும் இடம் வைக்காமல் கோப்பை முடித்தார்.

அன்று பக்கோடா இல்லை. மெட்ரோவில் ஏறினோம். இடம் கிடைத்தது, கிடைக்காமல் இருந்திருக்கலாம். அவர் மடியில் கிளி, காகிதம் சுற்றி. மண்டி ஹவுஸில் அவர் இறங்கி கரோல் பாகுக்கு வண்டி மாற வேண்டும். அதற்கு முந்தின நிலையம் தாண்டிய பிறகுதான் முகக்கவசத்தைக் கழற்றினார்.

"சார், கோவம் இல்ல எனக்கு."

"சரி மேடம்."

"என்னன்னா... இத்தனை சனிக்கிழமையும் நான்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன் சார். நீங்களும் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

வண்டி மெதுவானது. எழுந்து நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சொன்னார், இன்னும் மெதுவாக:

"எனக்குப் பிடிச்சிருக்குன்னு ஒருத்தர் வந்து சொல்லமாட்டாரான்னு எத்தனையோ வருஷம் இருந்தேன். இப்ப சொல்லிட்டீங்க. கேட்டதும் அந்தப் பஜ்ஜி வாசனைதான் சார் வருது. நான் என்ன செய்ய?"

கதவு திறந்தது. கூட்டம் அவரைக் கொண்டுபோனது. என் வரியை அவர் கேட்டிருந்த இடம் வேறு. நான் ஒரு கடையில் நின்று சொன்னதாக நினைத்தேன். அவர் கரோல் பாக் வீட்டு முன்னறையில், புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டிருக்கிறார். "இன்னொண்ணு பாக்க வேண்டியதில்ல" என்றால் பார்த்து முடித்தாயிற்று என்று அர்த்தம். சனிக்கிழமைகளில் மட்டும் அவர் பார்க்கிற பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியைத்தான் நான் இழுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் அவர் முனிர்கா வகுப்புக்கு வரவில்லை. பதவி உயர்வு வந்து, சென்னைக்கு மாற்றலாகிப் போனார் என்று ஒரு பொது நண்பர் சொன்னார். பிறந்ததிலிருந்து தில்லி, தமிழில் பஸ் பலகை படிக்கத் தெரியாது. மெட்ராஸ் ஆட்டோக்காரர்களை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது. பொங்கலன்று ஒரு பானைப் படம் அனுப்புகிறார். நான் ஒரு கரும்புப் படம் அனுப்புகிறேன். தீபாவளிக்கு அவர் ஒரு விளக்கு, நான் ஒரு விளக்கு. அலுவலகக் கடிதம்கூட இதைவிட மனம்விட்டு எழுதப்படும்.

கொஞ்ச காலத்துக்கு நான் தரியாகஞ்ச் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை போனேன். துணி துவைக்கும் இயந்திரம் ரிப்பேர் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு.

சர்தார்ஜி என் பின்னால் வாசலைப் பார்த்தார். "மேடம்ஜி?"

"வாங்கியாச்சே" என்றேன். "இனிமேல் எதற்கு வரப்போகிறார்?"

அவர் தலையை ஆட்டினார். அந்தத் தேன்நிற யுகுலேலேயை மறுவாரமே யாரோ ஒரு கல்லூரிப் பையன் வாங்கிப்போய்விட்டானாம். ஆணியைக் காட்டினார். அதில் இன்னொரு கிளி. அதே லிப்ஸ்டிக், அதே சந்தேகக் கண். "ஒன்று விற்றுவிட்டதே என்று கம்பெனிக்காரன் இன்னொன்று அனுப்பிவிட்டான்" என்று வருத்தத்தோடு சொன்னார். "பாருங்கள் சர்ஜி, பார்ப்பதில் என்ன?"

எடுத்தேன். முதுகை நகத்தால் தட்டினேன். ஒரு கண்ணை மூடிக் கழுத்தைப் பார்த்தேன். நெஞ்சோடு சேர்த்துவைத்து, அந்தப் பாட்டின் முதல் இரண்டு வரிகளை வாசித்தேன். தகர டப்பாவில் கடலை உருண்டது. நான் நன்றாக வாசித்தேன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எங்கே கண்ணைத் திறக்க வேண்டுமோ அங்கே திறந்தேன்.

சர்தார்ஜி கல்லாவில் கையூன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். தாடி லேசாக ஆடிக்கொண்டிருந்தது, தாளத்துக்கு.

"ஆகே?" என்றார். அப்புறம்?

"ஆகே நஹீ ஆதா" என்றேன். அதற்கு மேலே எனக்கு வராது.